கூப்பிடுற வார்த்தை

ஆமா தாயி, உம் முடியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மறைக்க என்னா இருக்கு. பெஞ்சில சாஞ்சு தூங்கிட்ட, சடை நழுவித் தரையில பொரண்டுச்சு. எடுத்து உம் மடியில போட்டேன், அதுல முழிச்சிட்ட. கண்ணு கிண்ணு வைக்கல, பயப்படாத. சந்தேகமா இருந்தா வீட்டுக்குப் போயி உப்பு மொளகா சுத்திப் போட்டுக்க.

உம் புருசனா? நீ கண்ணசந்ததுமே ரொட்டிக் கடப் பக்கம் போனான். தைப்பிங் வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்காம். இவளப் பாத்துக்கங்க பாட்டின்னு எங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனான். சிரிக்காத. அவன் மேல ஒண்ணும் கோவம் இல்ல. கட்டிக்கிட்டு எம்புட்டு நாளாச்சு? அதான, கழுத்துல மஞ்சக்கயிறு இன்னும் வெளுக்கல. கமுந்திங் பக்கமா குடித்தனம் போறீங்க? நல்லாருங்க.

நான் லகாட் பக்கம். டேசன்லேருந்து உள்ள நடந்தா ஒரு ரப்பர் தோட்டம், அங்க. வெள்ளன வண்டியப் புடிச்சு வந்து உக்காந்திருக்கேன். வீட்டுக்காரரு வாராரு தாயி. ஊருலேருந்து. நாகப்பட்டணத்துல கப்பலேறி, பினாங்கு கிட்ட அந்தத் தீவுல எறக்கி, அம்மை கிம்மை இல்லன்னு பாத்துட்டுத்தான் வுடுவாங்க இல்ல, அதெல்லாம் முடிஞ்சிருச்சாம். முன்னாடி கப்பல்ல வந்த ஒரு ஆளுகிட்டச் சொல்லி வுட்டிருந்தாரு. பினாங்கு வண்டியில வாரேன், வீரம்மாள ஈப்போ டேசன்ல வந்து நிக்கச் சொல்லு, தோட்டத்துக்கு வழி மறந்து போச்சுன்னு.

வீரம்மா நாந்தான்.

எப்பப் போனாரா? வெள்ளக்காரனுங்க சண்டை ஒண்ணு வந்துச்சே, அதுக்கு முன்னாடி. அவரு ஆத்தாளுக்கு முடியலன்னு போனாரு. மூணு மாசத்துல வாரேன்னாரு. சண்டையில கப்பல் நின்னுச்சு. சண்டை ஓஞ்சு கப்பல் ஓடுனப்ப நெலத்து வழக்குன்னாரு. பொறவு தம்பி கல்யாணம்னாரு. அங்கிட்டு வேற ஒருத்தி இருந்தாளோ என்னமோ, நான் கேக்கல. இனியும் கேக்கப் போறதில்ல. வாராரா, அது போதும். அவரு கப்பலேறப் போனப்ப எனக்கு என்னா வயசு தெரியுமா? இப்ப உனக்கு என்னா வயசோ அது. முடியும் இதே நீளந்தான். பொய் சொல்லல தாயி. சடையச் சுருட்டி இடுப்புல சொருவிக்கிட்டுத்தான் குனிஞ்சு பால் மரம் வெட்டணும், இல்லாட்டி நுனி போயி பால் வடியுற மங்குல விழுந்திரும்.

இப்ப எனக்கு என்னா வயசு இருக்கும்? சும்மா சொல்லு.

போ தாயி! அறுவதா? எனக்கு இன்னும் நாப்பதே ஆகல. அட, நீ ஏன் மொகத்தத் தொங்கப் போடுற. நீயா இப்புடி ஆக்குன. காச்சலு ஆக்குச்சு. கொசுக் காச்சல்ல மூணு மழைக்காலம் கெடந்தேன். கசப்பு மருந்தக் குடிச்சுக் குடிச்சுக் காதுக்குள்ள கொய்யின்னு ஒரே எரைச்சல். காலையில பாயச் சுருட்டுனா பாயி தெரியாது, முடிதான் தெரியும். மிச்சமிருந்த முடியில ஒட்டுப்பால் அப்பிக்கும். மரத்துலேருந்து உரிச்சு எடுக்குற காஞ்ச பாலு, அதத் தலைச்சுமையாக் கொண்டு போவோம். தண்ணிக்கும் போவாது, எண்ணெய்க்கும் போவாது. கத்திரிதான். அங்க ஒரு கொத்து, இங்க ஒரு கொத்து வெட்டி வெட்டி, ஆடு மேஞ்ச மாதிரி ஆயிருச்சு. முன்பல்லு ரெண்டும் பிரசவத்துல போச்சு. புள்ள தங்கல. பல்லும் தங்கல.

ஆமா, அவரு போவும்போது முழுவாம இருந்தேன். அதச் சொல்லி அனுப்புனேன். அவருக்குப் போய்ச் சேந்துச்சோ இல்லையோ.

எங்க லயத்து வீட்டுல பெரிய கண்ணாடி ஏது. ஆனா கண்ணாடி எதுக்கு தாயி? கூப்புடுற வார்த்தையிலயே மொகம் தெரிஞ்சிரும். மொதல்ல எல்லாரும் அக்கான்னு கூப்புட்டாங்க. காச்சல்லேருந்து எந்திரிச்சு வந்தப்ப பெரியம்மான்னாங்க. கூப்புடுறவளுக்கு என்ன வுட நாலு வயசு கூட. பொறவு ஒரு நா காலம்பர பெரட்டுல நிக்கிறோம், பேரு கூப்புடுறப்ப. தொரை பெரம்ப நீட்டி என்னக் காட்டி கணக்கெழுதுற கிராணிகிட்ட என்னமோ சொன்னாரு. கிராணி என்னப் பாத்து, நீ இனிமே மரம் வெட்ட வேணாம், ஆயாக் கொட்டாய்க்குப் போன்னுட்டான்.

கொட்டாய்னா, பால் வெட்டப் போற பொம்பளைங்க கைப்புள்ளைங்கள வுட்டுட்டுப் போற எடம். வரிசையாத் தூளி கட்டியிருக்கும். புள்ளைங்களப் பாத்துக்குறவ பேரு ஆயா. அது வேலையோட பேரு, அம்புட்டுத்தான். கங்காணின்னு சொல்றாப்புல, கிராணின்னு சொல்றாப்புல. ஆனா எங்க புதுக்கோட்டைப் பக்கம் ஆயான்னா வேற. அம்மாவப் பெத்த கெழவிதான் ஆயா. அப்ப எனக்கு எப்புடி இருக்கும், நெனச்சுப் பாரு. மொத ஒரு மாசம் யாரு கூப்புட்டாலும் திரும்ப மாட்டேன். எம் பேரு வீரம்மாம்பேன். கருப்பம்மான்னு அடுத்த வீட்டுக்காரி, வாய் நீளம், அவ வேணும்னே கத்துவா. ஏ ஆயா, வீரம்மா ஆயா, ஒம் பேத்தி அழுவுறா வாடின்னு. நான் வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு அவளத் தொரத்தியிருக்கேன்.

அப்பறம் பழகிப் போச்சு. புள்ளைங்களுக்கு என்னா தெரியும். ஒண்ணு ரெண்டு ஆயான்னு சொல்லிக்கிட்டே தவழ்ந்து வரும். இந்தா கழுத்துல தொங்குது பாரு, இந்தத் தோலப் புடிச்சு இழுத்துட்டுச் சிரிக்கும். இளம்பொண்ணு தூக்குனா அழுவும், நான் தூக்குனா அடங்கிரும். அந்த நேரத்துல கெழடாப் போனது கூட நல்லதுன்னு தோணும். இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. எங்க கங்காணி ஒருத்தன் இருந்தான், வீட்டுக்காரரு போனதுலேருந்து எனக்குத் தூரத்து மர நெரையாப் பாத்துத்தான் வேலை குடுப்பான். எதுக்குன்னு உனக்குச் சொல்லணுமா. பால்வெட்டுக் கத்திய இடுப்புல சொருவிக்கிட்டுத்தான் நான் நடமாடுனேன். முடி கொட்டி பல்லும் போனப்பறம் அந்தச் சனியன் என்ன ஏறெடுத்துப் பாக்குறதில்ல. அப்பாடான்னு இருந்துச்சு. கத்திய வீட்டுல வச்சுட்டே போனேன்.

ஆனா ஒரு நா, எம் மூஞ்சிக்கு நேரா வந்தவன் என்னத் தாண்டி, எனக்குப் பின்னால நின்ன பொண்ணப் பாத்துப் பல்லக் காட்டுறான். நடுவுல நான் ஒருத்தி நிக்கிறதே அவன் கண்ணுல படல. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ சுருக்குன்னுச்சு. சீ, எம்புட்டு கேவலம் பாரு. அவன் பாக்கலையேன்னா? அந்த நாயி பாக்கலையேன்னா எனக்கு வலிக்கணும்? ராவெல்லாம் என்ன நானே திட்டிக்கிட்டேன். இப்பச் சொல்லும்போதும் கூசுது.

கழுத்துலயா? கறுப்பா இருக்கா? அது அழுக்கில்ல தாயி. இன்னும் போகலையா? வெளக்குக் கரிய வெளக்கெண்ணெயில கொழச்சு முடிக்குத் தேச்சேன். கருப்பம்மாதான் தேச்சு வுட்டா. அவ சவுரியத்தான் சொருவியிருக்கேன், இந்தக் கொண்டைல பாதி அவளுது. ஏண்டி, புருசன் வாரானா இல்ல பொண்ணு பாக்க வாராங்களான்னு கேட்டுக்கிட்டே தேச்சா. சிரிப்புத்தான் வந்துச்சு. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வண்டியில கூட்டம், வேக்காடு. வேர்த்து வழிஞ்சு காதோரமா, கழுத்துலன்னு கோடு கோடா எறங்கிருச்சு. எதிர்ல இருந்த சீனத்தி ஒருத்தி பாத்துட்டு, பாவம், அவ கைத்துண்டக் குடுத்தா. வாங்கித் தொடச்சேன். துண்டு பாழாப் போச்சு. வேணாம், நீயே வச்சுக்கன்னு கை காட்டிட்டா. எனக்கு அந்த வண்டியிலேருந்தே குதிச்சிரலாம்னு இருந்துச்சு.

ஏன் தாயி, ஒரு பொம்பள தன் கட்டுன புருசனப் பாக்கப் போறதுக்குத் திருடி மாதிரி ஏன் பயப்படணும்? நான் என்னா தப்புப் பண்ணுனேன்? வேலை செஞ்சேன், காச்சல்ல கெடந்தேன், கஞ்சி குடிச்சேன், காத்திருந்தேன். எல்லாம் தெரியுது. ஆனா மூஞ்சிய வெளிய காட்ட வெக்கமா இருக்கே. அவரு ஊருல உக்காந்து நெனச்சிருப்பாருல்ல, நெனச்சிருந்தா, அந்தச் சடைக்காரியத்தான நெனச்சிருப்பாரு. அவள நான் எங்க போயிக் கொண்டாருவேன்?

வண்டி லேட்டான்னா கேக்குற?

இல்ல தாயி. பினாங்கு வண்டி வந்துருச்சு. நீ தூங்குனியே, அப்பவே வந்துட்டுப் போயிருச்சு.

வந்தாரு. எறங்குனாரு. தூரத்துல வரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பால் வாளி தொங்குற கட்டையத் தூக்கித் தூக்கி அவருக்கு எடது தோளு எறங்கியிருக்கும், அந்த நடைய எங்க கண்டாலும் சொல்லிருவேன். அவருக்கும் தலை பாதி வழுக்கை. மிச்சம் நரை. தொந்தி போட்டிருக்கு. ஆனா பாரு, எனக்கு ஒரு கணம் கூடத் தடுமாறல. அவரு அவராத்தான் இருந்தாரு. நான் முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிக்கப் போறேன், நேரா இந்தப் பெஞ்சுக்குத்தான் வாராரு. கண்டுக்கிட்டாரு, என் சாமி கண்டுக்கிட்டாருன்னு நெனச்சேன்.

வந்தவரு உம் முன்னாடி நின்னாரு தாயி. நீ தூங்குற. உம் மொகத்தையே பாத்தாரு. தரையில கெடந்த சடையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பொறவு எம் பக்கம் திரும்பி, மெதுவா, உன் தூக்கம் கலைஞ்சிரக் கூடாதுன்னு மெதுவா, ஆயா, இந்தப் புள்ள பேரு வீரம்மாவான்னு கேட்டாரு.

ஆயான்னாரு. நம்ம கொட்டாய் ஆயா அவருக்கு எங்க தெரியும். அவரு சொன்னது ஊரு ஆயா. நானு... அது எத்தனை வருசப் பழக்கம், ஆயான்னு காதுல விழுந்ததும் வாயி தானா வந்துருச்சு. என்னா ராசான்னுட்டேன்.

கட்டுன புருசன தாயி. தூளிப் புள்ளையக் கூப்புடுற மாதிரி.

சொன்னப்பறம் எப்புடி, நாந்தான் உன் பொண்டாட்டின்னு சொல்றது? இது வேற வீட்டுப் புள்ள, வீரம்மா வருவா, அப்புடிப் போயி உக்காரு ராசான்னு இன்னொரு தரமும் சொல்லித் தொலச்சேன். சரி ஆயான்னு போயி உக்காந்துட்டாரு. அந்தா, ரெண்டாந் தூணு, தகரப் பொட்டிய காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு. பாத்தியா? சட்டுன்னு பாக்காத. கறுப்பு முடி போற பக்கமெல்லாம் கழுத்து திரும்புது பாரு.

போறேன், போறேன், நீ தள்ளாத. எனக்குத் தெரியாதா, போயித்தான் ஆவணும். ஆனா நானாப் போயி நின்னா, திரும்பவும், ஆயா, வீரம்மா வந்துட்டாளான்னுதான் கேப்பாரு. அத இன்னொரு தரம் கேக்க எனக்குத் தெம்பில்ல. நீ ஒரு ஒத்தாச பண்ணு. இங்கேருந்து அவரு பேரச் சொல்லிக் கூப்புடு. வீரம்மா இங்க இருக்காங்கன்னு சொல்லு. நான் எப்புடி அவரு பேரச் சொல்லுவேன்? சீதையம்மாவக் கட்டுனவரு பேரு. அதோட ஒரு ஐயா சேத்துக்க.

ம். அதேதான்.

கூப்புடு தாயி, நல்லா ஒரக்கக் கூப்புடு. கூப்புட்டுட்டு நீ இங்க நிக்காத, அந்தத் தூணுக்குப் பின்னால போயிரு. மொதல்ல உன்னப் பாத்துட்டாருன்னா, பொறவு என்னப் பாக்க அவருக்குக் கஷ்டமா இருக்கும்.