செல் பையில் பிளீச்சிங் திரவம் ஊற்றியது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், வயது இருபத்தாறு, முகவரி ஆகியவை மேலே எழுதியுள்ளபடி சரி. அப்பா லாரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான். தனியார் மருத்துவமனை ஒன்றின் செல் ஆய்வகத்தில் உதவி ஆய்வாளராக வேலை பார்த்தேன். அதிகம் பேச மாட்டேன். கூட்டங்களில் கதவோரம் உட்காருவேன். அங்கே என்னை 'மியூட்' என்று கூப்பிடுவார்கள். பேசாமல் இருந்ததால் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் பார்த்தவையே.

இன்ஸ்பெக்டர் கேட்டதால் எங்கள் வேலையை விளக்குகிறேன். உடம்பில் டென்ட்ரைடிக் செல் என்று ஒரு வகை உண்டு. எதை அடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சண்டை போடும் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான். சில நோய்களில் அந்தச் சண்டைக்காரர்கள் உடம்பின் சொந்த மூட்டுகளையே அடிக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து டென்ட்ரைடிக் செல்களை வளர்த்து, அடக்கும் மருந்து கொடுத்து, மூட்டின் புரதத்தையும் காட்டி, முழங்காலில் ஊசியாகத் திரும்பப் போட்டால், "இது நம்ம ஆளு, விட்டுடு" என்று அவை போய்ச் சொல்லும் என்பது எதிர்பார்ப்பு. இது இன்னும் சோதனையில் இருக்கும் முறை. பக்கத்து அறையில் புற்றுநோய்க்காக இதே செல்லுக்கு உசுப்பும் மருந்து கொடுப்பார்கள். உசுப்பிய செல் "இதை அடி" என்று சொல்லும். இரண்டும் ஒரே மாதிரிப் பையில்தான் போகும், வேலை மட்டும் நேர் எதிர். இது புரிவதற்குப் பட்டம் தேவையில்லை. எங்கள் இயக்குநருக்கு மூன்று பட்டங்கள் இருக்கின்றன.

சென்ற மாதம் தையல்காரம்மா ஒருவர் முடக்குவாதத்துக்காக வந்து சேர்ந்தார். முழங்கால்களும் விரல் கணுக்களும் வீங்கியிருந்தன. ரத்தம் கொடுக்கும்போது என்னிடம், "ஊசில நூல் கோக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கும்மா. கோத்துக் குடுத்துட்டு ஒரு பார்வை பார்ப்பா பாரு, அதுக்கு இந்த வலியே தேவலாம்" என்றார். அதன் பிறகு அவருடைய செல்களை நான்கு குடுவைகளில் வளர்க்க ஆரம்பித்தேன்.

அதன் பிறகு, முதலீட்டாளர்கள் வருகிறார்கள் என்று இயக்குநர் ஒரு புகைப்படக்காரரை அழைத்து வந்தார். சுத்த அறைக்குள் எல்லோரும் காலுக்கு உறை மாட்டித்தான் வர வேண்டும். இயக்குநர் மாட்டுவதில்லை. அவருடைய ஷூவில் கிருமி ஏறத் துணியாது என்று நினைக்கிறாரோ என்னவோ. ஏற்கெனவே அடக்கிவைத்திருந்த வேறு செல்களை நுண்ணோக்கியில் காட்டினேன். அடங்கிய செல் பார்க்க மொழுக்கென்று இருக்கும். உசுப்பிய செல்லுக்குத்தான் நீள நீளமாகக் கைகள் முளைக்கும்.

"என்னய்யா இது, அவிச்ச பட்டாணி மாதிரி இருக்கு? நம்ம விளம்பரத்துல கை கையா இருக்குமே, அது எங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

நான் அண்ணா என்று அழைக்கும் மூத்த ஆய்வாளர், "கை வேணும்னா பக்கத்து ரூம் மருந்தைத்தான் ஊத்தணும் சார்" என்று சொல்லிச் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. "ஒரு குடுவைல ஊத்திடுங்க. அதுக்கு அடக்குற மருந்து வேணாம். படம் எடுத்ததும் கீழ கொட்டிடலாம்" என்றார்.

அண்ணா தையல்காரம்மாவின் நான்காவது குடுவையில் ஊற்றினார். இரண்டு நாளில் கைகள் முளைத்தன. தையல்காரம்மாவின் எண்ணைப் போட்டு அந்தச் செல்களைப் படம் எடுத்தார்கள். அதன் பிறகு இயக்குநர் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, சிந்திப்பது போலப் புருவத்தைச் சுருக்கித் தன்னையும் படம் எடுக்கச் சொன்னார். அப்போது நுண்ணோக்கியின் விளக்கு எரியவில்லை. நான் சொல்லவில்லை.

அதன் பிறகு மற்ற மூன்று குடுவைகளிலும் செல்கள் குறைவாகவே வளர்ந்தன. ஊசியைத் தள்ளிவைப்பதுதான் முறை. முதலீட்டாளர்கள் முன்னிலையில் ஊசி போட வேண்டும் என்பதால், கொட்டுவதாகச் சொன்ன குடுவையையும் சேர்த்துப் பையில் அடைத்துவிட்டார்கள். ஊசி போடும் நாள் காலையில் பையிலிருந்து சொட்டு எடுத்துச் சாயமிட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட பாதி செல்கள் உசுப்பப்பட்டு விழித்திருந்தன. அண்ணாவிடம் காட்டினேன். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா. நீ பார்க்கல, நான் பார்க்கல" என்றார்.

அதன் பிறகு இயக்குநரின் அறைக்குப் போனேன். வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். விழித்த செல்களை முழங்காலில் போட்டால் மூட்டை இன்னும் மோசமாக அடிக்கச் சொல்லும் என்று கூறினேன். மூன்று வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"அந்தம்மா ரத்தம்தானே? அந்தம்மாவுக்கே திரும்பிப் போகுது. இதுல என்ன வந்துது?" என்றார். அதன் பிறகு, "உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரியாமே? அதான், புத்தகத்துல இருக்கறதை அப்படியே நம்புற" என்றார். நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டவர் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு ஊசி போடவிருந்த மூட்டு மருத்துவரிடம் சொன்னேன். ஆய்வகத்துப் பஞ்சாயத்தை ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டை கட்டிக்கொண்டிருந்தார். வார்டில் தையல்காரம்மா குளித்து, தலை வாரி, சுருட்டிய பாவாடைக்குக் கீழே முழங்காலைத் தயாராக நீட்டி உட்கார்ந்திருந்தார். "ஊசி போட வந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

அதன் பிறகு நான் ஆய்வகத்துக்குத் திரும்பி, பையை வெட்டி, கழிவுக்கு ஊற்றும் பிளீச்சிங் திரவத்தை அதில் ஊற்றினேன். அண்ணா பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை, உதவவுமில்லை. அவருக்கு எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம்.

பதவி உயர்வு கிடைக்காத பொறாமையில் நான் சொத்தை நாசம் செய்ததாக இயக்குநர் புகார் கொடுத்திருக்கிறார். நான் பதவி உயர்வு கேட்டதே இல்லை. அழிந்த செல்கள் எவ்வளவு உயர்ந்தவை என்பதற்குச் சாட்சியாக, கை முளைத்த செல்களின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, தையல்காரம்மாவின் எண்ணோடு புகாரில் இணைத்திருக்கிறார். இந்தத் துறையில் இரண்டாம் வருடம் படிக்கும் எவரிடமும் அந்தப் படத்தைக் காட்டலாம், இது உசுப்பிய செல் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு வேறு சாட்சி வேண்டாம். இவ்வளவு சிரத்தையாக அவர் எனக்கு உதவுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இன்று தையல்காரம்மாவும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். தன் மருந்தைக் கொட்டியவள் நான்தான் என்று அவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். என்னைத் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "அப்போ திரும்பவும் ரத்தம் எடுப்பாங்களா?" என்றார். எடுக்க வேண்டும் என்றேன். "இந்தத் தடவை நீயே கூட இருந்து பார்த்துக்குவியாம்மா?" என்று கேட்டார். என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். "அப்போ அங்க யாரு இருக்காங்க?" என்றார்.

ஏட்டு இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். 'ஆத்திரத்தில் ஊற்றினேன்' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். யோசித்துத்தான் ஊற்றினேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. யாரும் என்னைப் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை.

(கையொப்பம்)