நிமிர்ந்து நின்ற படிகம்

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இளம்பெண் போனில் அம்மாவிடம் சொன்னாள்: "வாலு நேரா இருந்தா எழுந்து நிக்குதும்மா."

"எந்த மாடுடி?" ஸ்பீக்கரில் அம்மாவின் குரல்.

"மாடு இல்லம்மா, டிவி திரைக்குள்ள இருக்குமே, லிக்விட் கிரிஸ்டல். அதைத் தொட்டுக்கினு இருக்கிற தண்ணியில சோப்பு மாதிரி ஒண்ணு கலந்தேன். அந்த சோப்பு மூலக்கூறோட வாலு வளைஞ்சிருந்தா கிரிஸ்டல் படுத்தே கெடக்குது. நேரா இருந்தா மொத்தமா நிமிர்ந்துடுது. இத்தினி நாளா நிக்கவே இல்ல, இன்னிக்கு நின்னுடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆராய்ச்சிய வுட்டுட்டு வர்றேன்னு நேத்து அழுதியே?"

"இனிமே வுடமாட்டேன்."

அம்மா அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. "ஏங்க, நம்ம பொண்ணு நிக்க வச்சிட்டாளாம்."

"எத?"

"அது தெரியலங்க. பாயசத்துக்கு வெல்லம் வாங்கியாங்க."