போனில் பார்த்த மகள்

அடையாறு பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "எம்மவளைப் பாக்குறத வுட்டுட்டேன்க்கா."

"இன்னாடி சொல்றே?"

"எங்களக் கேக்காம கண்ணாலம் கட்டிக்கினு போனதுலேர்ந்து அவகூட பேச்சே இல்ல. இன்ஸ்டாவுல அவ போட்டோவப் பாத்துக்கினே கெடப்பேன். ஒரு நாளைக்கு எம்மா நேரம் பாக்குறேன்னு போனே காட்டுச்சு. பயந்துபோயி போன்லேர்ந்தே இன்ஸ்டாவ எடுத்துட்டேன்."

"நல்லதுதான?"

"தெனம் பாத்துக்கினு இருந்தப்ப அவ கூடவே இருக்குற மாதிரி இருந்துச்சுக்கா. எடுத்தப்புறந்தான் வூட்ல அவ இல்லாதது ஒறைச்சுது."

பாலவாக்கம் போகும் பஸ் வந்தது.

"அவ வூட்டுக்குத்தான் போறேன்."

"உள்ள கூப்புடலைன்னா?"

"வாசல்ல நின்னு மூஞ்சியப் பாத்துட்டு வரேன்," என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.