எல்லா வாரமும் தாழி

— பசங்களோட சரித்திரப் பாட அட்டவணையா இது? மொத வாரம் கல்லாயுதம். சரி. ரெண்டாம் வாரம் நெருப்பு, வெவசாயம். மூணாம் வாரம் முதுமக்கள் தாழி. நாலு... என்னக்கா, நாலும் தாழியா?

— படிக்கத் தெரியுதில்ல, அப்புறம் என்ன கேள்வி?

— அஞ்சும் தாழி. ஆறும் தாழி. ராசாக்க எப்பதான் வருவாங்க?

— மெதுவா வரட்டும்டா. பிள்ளைங்கள வீட்ல வச்சுப் படிக்க வைக்கறதே அதுக்குத்தான். பள்ளிக்கூடத்துல மணியடிச்சாப் பாடம் முடிஞ்சுது. இங்க புரியற வரைக்கும் ஒரே பாடம்.

— நான் அஞ்சாங்கிளாஸ்ல மூணு வருசம் இருந்தப்ப இதத்தான் சொன்னேன். ஒருத்தரும் நம்பல.

— வாய்க்கு மட்டும் கொறைச்சலே இல்ல.

— வாண்டுக எங்க? சத்தமே காணோம்.

— உள்ள... எழுத்து வேலை நடக்குது.

— நம்ம வாண்டுகளா! சரி... அக்கா, நான் வந்த விசயம்... அந்தத் தாழியக் குடு. எடுத்துட்டுப் போறேன்.

— குடுத்ததத் திருப்பிக் கேக்குற, வெக்கமா இல்ல? "கண்ணால பாத்தாத்தான் பசங்க மனசுல நிக்கும்க்கா"ன்னு தோள்ல தூக்கிட்டு வந்தவன் யாரு?

— நாந்தான். குழி வெட்டுறவன் புத்தி. நாளைக்குக் காலையில தொல்லியல் ஆபீசருங்க எங்க கட்டட சைட்டுக்கு வர்றாங்க. குழியில தாழி கெடச்சத எவனோ சொல்லிட்டான். தாழி இருந்த எடத்துல இல்லேன்னா எங்க எட்டுப் பேருக்கும் வேலை போச்சு.

— ஒடஞ்சு போச்சுன்னு சொல்லு.

— ஒடஞ்ச ஓடாவது காட்டணுமே! ...என்னக்கா, கதவ மறிச்சுக்கிட்டு நிக்கிற?

— பாடம் பாதியில நிக்குதுடா. மூணு கேள்வி குடுத்திருக்கேன். தாழிக்குள்ள இருந்த பிள்ளைக்கு என்ன வயசு, யாரோட வெளையாடுச்சு, எப்படிச் செத்துச்சு.

— பிள்ளையா? ...பிள்ளைன்னு யாரு சொன்னா? காலித் தாழின்னுதானே குடுத்தேன்.

— எவ்ளோ சின்னத் தாழி! பெரிய ஆளு அதுக்குள்ள எப்படி அடங்குவான்?

— ம்... பதில் எழுதியாச்சா?

— ரெண்டு எழுதியாச்சு. ஏழு வயசு. ஆட்டுக்குட்டியோட வெளையாட்டு. மூணாவது கேள்விக்குத்தான்... தெனமும் அங்க வந்து பேனா நின்னுருது. ஒரே அழுகை.

— போதும்க்கா! கேளு... நான் பொய் சொன்னேன். அது காலி இல்ல.

— ம்.

— உள்ள எலும்பு இருந்துச்சு. குச்சி குச்சியா... முட்டிய மடக்கி வச்ச மாதிரி. வெளிய தெரிஞ்சா வேலை நின்னுரும்னு மேஸ்திரி பயந்தாரு. நாந்தான் மம்பட்டியால அள்ளி, தூண்குழியில போட்டு, கான்கிரீட்டக் கொட்டுனேன்.

— ம்.

— ம், ம்ங்கிற! அது கிட்ட வாண்டுகள ஒக்கார வைக்கலாமா? மொதல்ல ரெண்டு பேரையும் வெளிய கூப்பிடு!

— யாரக் கூப்பிடுறது? இந்த வீட்டுல படுக்க மாட்டோம்னு ரெண்டும் அழுது, அவங்கப்பா கூட்டிட்டுப் போயி இருவது நாளாச்சு. உங்கிட்ட சொல்ல வாய் வரல... கான்கிரீட் கதைய மட்டும் புதுசாச் சொல்லாத. உள்ள எழுதிட்டு இருக்கிறவன் மொத நாளே சொல்லிட்டான்.