மணலில் கிடைத்த தகடு

— கைய அசைக்காதீங்க, செல்வசிங் அண்ணே. தையல் போடணும். எதுல கிழிச்சீங்க?

— ஒரு தகட்டுலயாக்கும், டெல்சி பிள்ளே. இன்னைக்கு வெள்ளிக்கிழமை லீவுல்லா, அந்த மெஷின எடுத்துட்டு மணல் தடவப் போனேன்.

— எந்த மெஷின்?

— வெள்ளக்கார இன்ஜினியர் ஊருக்குப் போவும்போ தந்தது. மண்ணுக்குள்ள என்ன எளவு கெடந்தாலும் கீய்னு கத்தும். அரபிமாரு குளிருக்குக் கூடாரம் போட்டுட்டுப் போன எடத்துல மோதிரம் கீதிரம் அம்புடும். முன்ன ஒரு கம்மல் கெடச்சுது, கேட்டியா.

— துருப்பிடிச்ச தகடா? அப்ப டிடி ஊசியும் போடணும்.

— அதுதான் அதிசயம், ஒரு பொட்டு துரு இல்ல. பிளாட்டினமா இருக்கும்னு ரூம்ல சொல்லுதானுவ. ஏரோப்ளேன் சாமானோ என்ன எளவோ. பையில கெடக்கு, காட்டட்டா?

— முதல்ல தையல் முடியட்டும். வலிக்குதா?

— இல்ல. பிள்ளே, உனக்க தம்பிக்க வெவரம் ஏதாவது...

— அவன் பேர எடுக்காதீங்க. கம்பெனிய விட்டு ஓடுனவன் எங்க இருந்தா எனக்கென்ன? ரெண்டு வருசமா ஒரு போன் கிடையாது. சவுதிக்கு வேலை மாறிப் போயிட்டான், நல்லா இருக்கான்னு வாராவாரம் அம்மாகிட்ட பொய் சொல்றது நான்தான்.

— ஜெகின் ஓடுற பய இல்ல பிள்ளே. நான் அப்ப லீவுல ஊருல நின்னேன். திரும்பி வந்து கேட்டா, ஓடிட்டான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு, கலாஸ், முடிஞ்சுதுங்கானுவ.

— கட்டு நனையக் கூடாது, பாத்துக்கோங்க. சரி, எடுங்க உங்க பிளாட்டினத்த.

— இன்னா. ஓட்டை ஓட்டையா இருக்கு, ஸ்க்ரூவும் கெடக்கு. இந்த ஸ்க்ரூவுக்குத் தலை மழுங்கிப் பிசிறா நிக்குல்லா, அதுதான் கையக் கிழிச்சுது... என்ன பிள்ளே, வெளிச்சத்துல வச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்க?

— இது ஏரோப்ளேன் சாமான் இல்ல. எலும்பு ஒடிஞ்சா உள்ள வச்சு முடுக்குற பிளேட். மனுசன் எலும்புல.

— கர்த்தாவே. அங்க எலும்பு கெடந்துதே. ஒட்டகத்துக்க எலும்புன்னுல்லா நெனச்சேன். இங்க எங்க பாத்தாலும் ஒட்டக எலும்புதானே. மம்மட்டியால ஒதுக்கிப் போட்டுட்டேன் பிள்ளே.

— கூட வேற என்ன கிடைச்சுது?

— சைட்டுல இருந்து நம்ம கேம்ப் பக்கமாத் தடவிட்டே வந்தேன். மொதல்ல டிபன் கேரியர் அடுக்கு ஒண்ணு. கொஞ்சம் தள்ளி ஒரு ஃபிளாஸ்க் மூடி. பெறவு இது.

— இது கிடந்த எடத்துல நின்னா கேம்ப் தெரியுமா?

— தண்ணி டாங்க் நல்லாத் தெரியும். எதுக்குக் கேக்க?

— ஜெகின் காணாமப் போன அன்னைக்கு என்ன நடந்துது? உங்க காதுக்கு வந்ததச் சொல்லுங்க.

— ஒரு பேச்சு உண்டு. ஆகஸ்ட் வெயில் தாங்காம மத்தியானமே டூட்டிய நிப்பாட்டி பஸ்ஸ எடுத்துட்டாவளாம். கடைசிக் குழியில நின்ன ஆள எண்ணல்லன்னு சொல்லுவாவ. வேலை போயிரும்னு பயந்து யாரும் வாய் திறக்கல்ல... பிள்ளே, நீ என்ன நெனைக்க? பிளேட் வச்சவன் ஆயிரம் பேரு இருப்பான்.

— இந்த ஸ்க்ரூவப் பாருங்க. ஜெகினுக்கு ஒடிஞ்ச கால் சேந்த பெறவு பிளேட்ட எடுக்கணும்னு நாகர்கோவில்ல டாக்டர் திருகுனாரு. தலை மழுங்கிப் போச்சு. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்னு மூடித் தச்சுட்டாரு. அதுக்குள்ள அவனுக்கு விசா வந்துட்டு. அன்னைக்குப் பக்கத்துல ட்ரே புடிச்சிட்டு நின்னது நானாக்கும்.

— அழாத மோளே. கையக் குடு.

— எத்தன நாள் அவனச் சபிச்சிருக்கேன் அண்ணே. அம்மைய விட்டுட்டு ஓடுன பாவின்னு.

— வா, போலீஸுக்குப் போவோம். அங்க என்னன்னு சொல்லதுக்கு?

— ஓடிப்போனான்னு நீங்க எழுதி வச்ச பையன், சோத்துப் பாத்திரத்தையும் தூக்கிட்டு, கேம்புத் தண்ணி டாங்கப் பாத்துத்தான் நடந்து வந்திட்டிருந்தான்னு சொல்லணும்.