காத்தப் புடுங்குறவன்

...ஐயோ, உங்களச் சொல்லுவேனா சார்? பொதுவா சொல்றேன். இந்தக் கட்டடத்துல எவனோ ஒரு புண்ணியவான் தெனமும் என் வண்டியில காத்தப் புடுங்கி விடுறான். நீங்க மாடிக்குக் குடி வந்து பத்து நாள் இருக்குமா? ம்... எனக்கும் பத்து நாளாத்தான் காத்து போகுது. சும்மா சொன்னேன் சார், சும்மா!

கொஞ்சம் நகருங்க, முன் டயரப் பாத்துக்கறேன். நீங்க நில்லுங்க. எனக்கு வாய் வேற டிபார்ட்மெண்ட்டு, கை வேற டிபார்ட்மெண்ட்டு.

வண்டி என்னோடது இல்ல, மாமாவோடது. அக்கா புருஷன். கப்பல்ல வேலை. கெளம்பும்போது சாவிய என் கையில வச்சு, "டேய் பாதி, அக்காவுக்கு பிரசவ வலி வந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நீதான் இருக்க. இதையாவது முழுசாப் பண்ணு"ன்னாரு. வீட்டுல என் பேரே பாதிதான் சார். காலேஜ் பாதி, டைப்பிங் பாதி, கிதார்ல ஒரு பாட்டுல பாதி. நீச்சல் மட்டும் முழுசாக் கத்துக்கிட்டேன். அத பாதில விட்டா ஆளே மிஞ்ச மாட்டேனே!

அதான் இந்த வாட்டி விடக்கூடாதுன்னு தெனம் சாயங்காலம் ஆஸ்பத்திரி வரைக்கும் பைபாஸ்ல ஒரு ஒத்திகை. நல்லா வெரட்டிட்டு வருவேன். வந்து எறங்குன கையோட டயர்ல காத்தளக்குற மீட்டர வச்சுப் பாப்பேன். எவ்வளவு காத்து இருக்கணும்னு கதவோரம் ஒட்டியிருக்காங்க பாருங்க, முப்பத்திரெண்டு. எனக்கு முப்பத்தாறு காட்டும். விடுவேனா? வால்வ அமுக்கி, புஸ்ஸ்ஸ்... இதோ, இப்படி. டாண்ணு முப்பத்திரெண்டு!

காலையில பாத்தா இருபத்தெட்டு சார்! நாலு டயரும்! பங்க்குக்குப் போயி அடிச்சிட்டு வருவேன், மறுநாளும் அதே கூத்து. நேத்து காலையில அடிக்காமலே அக்காவ ஏத்திட்டுப் போனேன். வளைவுல வண்டி குடிகாரன் மாதிரி தள்ளாடுது. அவ வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒரு சத்தம் போட்டா பாருங்க... என் உசுரு என்கிட்ட இல்ல. இப்ப சாவியக் கேக்குறா. "உன்னை நம்பி ஏற மாட்டேன்டா"ங்கறா. அந்தப் புடுங்குறவன் மட்டும் என் கையில கெடச்சான்...

புஸ்ஸ்ஸ்... இருங்க, இந்தப் பின் டயரும் முடியட்டும்.

ஏன் சார் சிரிக்கிறீங்க? என்ன, தொட்டுப் பாக்கணுமா? ஆ... சுடுது! ஓடி வந்த டயர் சுடத்தானே செய்யும்? ம்... சூட்டுல உள்ள இருக்கற காத்து விரியுமா... ஆறுனா தானா எறங்கிருமா... வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி, ஆறுன டயர்லதான் பாக்கணுமா...

அப்ப தெனமும் புடுங்குனது...

சரி. ஆள் கெடச்சுட்டான் சார். ரொம்ப வேண்டப்பட்ட ஆளு. போலீசுக்கெல்லாம் போக வேணாம்.

என்னக்கா? கேக்கல, சத்தமா சொல்லு! வலியா? இப்பவா? ஐயையோ, இப்பத்தான நாலையும் எறக்கி வச்சேன்!

சார்... உங்க வண்டியா? நீங்களே ஓட்டறீங்களா? தெய்வம் சார் நீங்க! இல்ல, இல்ல, நில்லுங்க, சாவி எடுக்கப் போகாதீங்க. அது வந்து... உங்க மேல ஒரு சந்தேகம் இருந்துச்சுல்ல? மத்தியானம் நீங்க தூங்குறப்ப, பழிக்குப் பழின்னு... நாலும் இல்ல சார், சத்தியமா! ரெண்டு டயர்தான். அதுக்குள்ள யாரோ படியில வந்தாங்க, பாதிலயே விட்டுட்டேன்.

அக்கா! சாவிய நீயே வச்சுக்க. டாக்ஸிக்கு போன் போடு!