பாட்டிலில் ஒரு கல்

குமணன்சாவடியில் பேருந்து ஏறிய ஒருவர், எதிர் இருக்கைக்காரரிடம் ஒரு குட்டி பாட்டிலை நீட்டினார்.

"பாரு சார், என் பித்தப்பைல இருந்த கல்லு! ஆப்ரேசன் பண்ணி எடுத்துக் குடுத்தாங்கோ."

கூட வந்த தங்கை நெளிந்தாள். "உள்ள வைண்ணா."

"வயித்து வலின்னு எத்தினி டாக்டராண்ட சொன்னேன்? நான் மனநோய்க்கு மாத்திர சாப்டறது தெரிஞ்சதும், எல்லாம் உன் மனசுலதான்னாங்க. நீயும் அதான் சொன்ன."

"தப்புதாண்ணா. கடைசியா பாத்த டாக்டரம்மா ஒருத்தங்கதான் வயித்த அமுக்கிப் பாத்து ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. இப்பதான் சரியாயிட்ச்சே, அதத் தூக்கிப் போட்ருண்ணா."

"போடறதா? என் காதுல கேக்குற கொரலு வேற யாருக்கும் கேக்கலம்மா. இது எல்லார் கண்ணுக்கும் தெரியுது!"

தங்கை சிரித்துவிட்டாள். பாட்டிலை வாங்கி, டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க சார். எங்க அண்ணனோடது."